நின்று காட்டிய இருபது நிமிடம்

இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தி.நகரில் கடையை விட்டுக் கிளம்பும்போது இரண்டும் காலில் இருந்தன. பட்டினப்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கி எங்கள் குடியிருப்பு வாசலுக்கு வந்தபோது ஒன்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் தாஸ் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மே, ஒத்த செருப்போட வந்துகினு கீற? இன்னொண்ண பஸ்காரன் புட்ச்சி வெச்சிக்கினானா?"

குனிந்து பார்த்தேன். பாதம் முழுக்க மணல். அதில் ஒரு மீன் முள் குத்தி நின்றது. ரத்தம் வந்து காய்ந்தும் போயிருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. இரண்டு நாளாகக் காலில் உறை மாட்டிக்கொண்டு நடப்பதுபோல ஒரு மதமதப்பு இருந்தது வாஸ்தவம். நின்று நின்று வந்தது, உட்கார்ந்தால் போய்விடும் என்று விட்டிருந்தேன்.

என் பெயர் கஸ்தூரி. பதினெட்டு வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் புடவை விரித்துக் காட்டினேன். உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்துகொண்டு, 'நீ வேலைக்குத் தகுதியா இல்லையா' என்று கேட்கும் மேசைக்கு முன்னால் போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். அந்த மேசையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கும் மறுநாள் கைவிரல்கள் சீப்பைப் பிடிக்க மறுத்தன. மீன் கடை போட்டிருக்கும் என் நாத்தனார் வாயு என்றாள். எதிர்வீட்டில் சிக்குன்குனியா மிச்சம் என்றார்கள். தாஸ் யாரையும் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தொழிலாளர் காப்பீட்டில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

ஒரு இளம் டாக்டர் ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். அது யார் வீட்டுக் காலோ என்பதுபோல அப்படியே கிடந்தது. பிறகு ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். எட்டாம் வகுப்புவரை படித்தவள், எண்ணத் தெரியுமா என்று பார்க்கிறார் என்று நினைத்து மளமளவென்று இருபத்திரண்டுவரை போனேன். மறுநாள் பதின்மூன்றில் நின்றுவிட்டது. அவர் முகம் மாறியது. மூச்சு விடும் தசைகளும் தளர்கின்றன என்பதைத்தான் அந்த எண்ணிக்கையில் பார்க்கிறார்களாம்.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்பு ஓட்டச் சோதனை (சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். கில்லன்-பாரே (கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையையே தாக்கும் நோய்) என்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அந்தக் கிருமியைத் துரத்தப் போன படைதான் திரும்பி என்மேலேயே பாய்ந்திருக்கிறது.

நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பக்கத்துப் படுக்கை அம்மாள், "வேலியே பயிர மேஞ்ச கதன்னு சொல்லு" என்றாள். அது உடனே நுழைந்துவிட்டது.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பல பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்குள் வந்து, கலகம் பண்ணியவர்களைச் சமாதானம் செய்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எண்ணிக்கை பதின்மூன்றிலிருந்து பதினேழுக்கு வந்தது. செயற்கை மூச்சுக் கருவிக்குப் போகாமல் தப்பித்தேன்.

கடையில் எங்கள் மாடிக்குச் சூப்பர்வைசரான பாண்டியன் அண்ணாச்சி ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை முதலாளிக்கு ஊர்க்காரர், எங்களுக்குப் பாதி முதலாளி. "நீ எந்திச்சி நடந்து வந்தாப் போதும்மா. ஒன் எடம் அப்படியே இருக்கும். நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். நான் அழுதுவிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவள் நான். உப்பிட்டவரே வந்து கட்டில் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும்?

ஏழாவது வாரம் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றேன். நாலாம் மாதம் குடியிருப்பின் இரண்டு மாடிப் படியும் ஏறினேன், இடையில் நாலு தடவை உட்கார்ந்து. இடது பாதம் மட்டும் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கட்டி, பாதத்தோடு செருப்புக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். செருப்பு இருந்தால்தான் பட்டை நிற்கும்.

ஆறாவது மாதத்தில் முகம் பழையபடி ஆகிவிட்டது. சதையும் போட்டிருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "ஆளு நல்லாத்தானே கீற" என்றார்கள். நரம்பின் உறை திரும்ப வளர்ந்தாலும் பழைய தடிமனுக்கு வராது, செய்தி போகும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும் என்று இயன்முறை சிகிச்சை தரும் பெண் விளக்கியிருந்தாள். சில நாள் நன்றாக இருப்பேன். சில நாள் காரணமே இல்லாமல் சாய்ந்துவிடுவேன். நல்ல நாள், கெட்ட நாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 'இவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை' என்று ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாள் இருக்கும்வரை நோய்க்கால உதவித்தொகை வரும், வேலையும் கையை விட்டுப் போகாது. மாதங்கள் நீண்டதும், மருத்துவக் குழுவின் (மூன்று மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து தகுதியைத் தீர்மானிக்கும் இடம்) முன்னால் ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தது. என்ன வேலை செய்கிறேன் என்று கடையிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள்.

அண்ணாச்சி ஒரு உறையை ஒட்டிக் கொடுத்தார். கடையில் மாடிக்கு மாடி உறை போகும், வரும். கொண்டுபோகிறவர் பிரிக்கக் கூடாது. அது எங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். இந்த உறையையும் பிரிக்கவில்லை. மயிலாப்பூர் கோயிலில் இறங்கி அம்மன் சன்னிதியில் வைத்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் செய்த தப்பெல்லாம் மரியாதைக்காகச் செய்தது.

பெரியவர்கள் முன்னால் போகிறோம் என்று இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தேன். தலை குளித்து, பூ வைத்து, கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிக்கொண்டேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். கடையில் ஜமக்காளம் விரித்த மாடியில் செருப்போடு யாரும் ஏற மாட்டோம். அந்த நினைப்புதான். செருப்போடு பட்டையும் கழன்றுவிட்டது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு போவது அசிங்கம் என்று செருப்புக்குப் பக்கத்தில் வாசலிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன். நான் பட்டை போட்டு நடக்கிறவள் என்பதை அந்த மூன்று பேரும் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது, 'இல்லை' என்ற சொல் வாயில் வரக் கூடாது என்பது. மயில்கழுத்து நிறம் கேட்டால், இல்லாவிட்டாலும், "இதோ எடுக்கறேங்க" என்று சொல்லிப் பத்துப் புடவை விரிக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல் என் நாக்கிலிருந்து உதிர்ந்தே போய்விட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் நடுவில் இருந்த டாக்டர்.

"நல்லா இருக்கேன் சார்."

"மாடிப்படி ஏற முடியுதா?"

"ஏறிடுவேன் சார்."

உறையைப் பிரித்துப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கடையில உட்கார சீட் குடுத்திருக்காங்களா?"

இங்கே கொஞ்சம் முன்கதை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கும். ஆபீசர் யாராவது வந்தால் வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும். யார் கேட்டாலும் என்ன பதில் என்று அண்ணாச்சி எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்லியிருந்தார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கண்ணாடி, கோப்பு, பேனா. என் கண்ணுக்கு அவர்கள் டாக்டர்களாகத் தெரியவில்லை. கடைக்குச் சோதனைக்கு வந்த ஆபீசர்களாகத் தெரிந்தார்கள். கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"இருக்குங்க சார். எல்லாருக்கும் இருக்கு."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது அறியாமல் கத்துகிறது. நான் சிரித்துக்கொண்டே கத்தினேன்.

'வேலைக்குத் தகுதி' என்று தாள் வந்தபோது, சிரிக்காதீர்கள், நான் சந்தோஷப்பட்டேன். பாஸ் ஆகிவிட்டது போல இருந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் நின்றேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கல்யாணக் குடும்பம். பத்துப் பன்னிரண்டு புடவையைக் கையில் அடுக்கிக்கொண்டு திரும்பும்போது இடது முட்டி மடிந்தது. புடவைகளோடு அவர்கள் காலடியில் சரிந்தேன்.

அண்ணாச்சி என்னைப் பக்குவமாக எழுப்பி மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார். தண்ணீர் கொடுத்தார். அங்கேதான் அந்த ஸ்டூல்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா, கவுண்டருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"அது ஆபீசருக்கு உள்ள ஸ்டூலும்மா" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் எப்படி அண்ணாச்சி வேலை பாக்குறது?"

"நிக்க முடியாதவளுக்கு இங்க என்னம்மா வேல இருக்கு? ஒக்காந்து பாக்குற வேலதான்னு நான் அந்த லெட்டர்ல எழுதிக் குடுத்தேம்லா. நிக்க வச்சி வேல வாங்குதோம்னு எழுதியிருந்தா, கடைக்கு நோட்டீசு வரும், எனக்கு வேல போயிரும். எனக்கும் பிள்ளைக இருக்கு. நீ வீட்டுக்குப் போ. பூரா சரியானதும் வா."

நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன உறை. அம்மன் காலடியில் வைத்து எடுத்த உறை. என் கழுத்துக்கான கத்தியை நானே சாணை பிடித்துச் சுமந்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பொய்க்கு நானே வேறு சாட்சி சொல்லியிருக்கிறேன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. 'நீ தகுதி, அதனால் உதவித்தொகை கிடையாது' என்றது காப்பீடு. 'நீ தகுதி இல்லை, அதனால் வேலை கிடையாது' என்றது கடை. இரண்டுக்கும் நடுவில் என் உடம்பு இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்கு மனுப் போடலாம், கூட வேலை செய்கிற ஒருவர் உட்கார இடம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் நல்லது என்று மருத்துவமனைக் குமாஸ்தா சொன்னார். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. விஜயா அக்கா இருக்கிறாள். பதினோரு வருடம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். அரசாங்கம் ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து அவளை ஊருக்கு வெளியே அனுப்பியபோது, முதல் வாரம் என் வீட்டில்தான் தங்கினாள். நான் படுத்திருந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவள். கேட்டதும் சரி என்று சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் தி.நகர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். வந்தாள். தாளை நீட்டினேன். வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கஸ்தூரி, தப்பா நென்ச்சிக்காத. பட்டுல ஒன் எடத்துல இப்போ நான்தான் நிக்கிறேன்."

நான் ஏதாவது திட்டியிருக்கலாம். கண்டது சொன்னால் கொண்டிடும் பகை என்று அவளுக்கும் தெரியும்தானே. அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. இருந்தாலும் அந்தக் கையை விட்ட பிறகு இன்றுவரை அவளிடம் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய் எழுத ஆசையில்லை.

தாஸிடம் சொன்னேன். "அந்த ஆளு வாங்கியாந்த ஆப்பிளு மொத்தமும் நான்தாம்மே துன்னேன். இப்போ நென்ச்சா வாந்தி வருது" என்றார். அன்றைக்கு நான் சிரித்த ஒரே சிரிப்பு அது.

மறுபரிசோதனை வேறு ஒரு பெண் டாக்டர் முன்னால் நடந்தது. இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. பட்டையோடு போனேன். பூ வைக்கவில்லை. ஆனால் நிதானமாகப் பேச வேண்டும், நடுங்கக் கூடாது என்று அதற்கு முந்தின இரண்டு நாளும் பழையபடி படுத்தேதான் இருந்தேன். உட்கார இடம் இல்லை, பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும், என்னால் முடியாது என்று சொன்னேன். 'முடியாது' என்று சொல்லும்போது நாக்கு மரத்துப்போனது.

அவர் கோப்பைத் திருப்பினார். "போன தடவை சீட் இருக்குன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"பொய் சொன்னேன் மேடம்."

"அப்போ இது உண்மைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் நியாயமானவர். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பட்டையைக் கழற்றிவிட்டுக் குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது பாதம் எழும்பவில்லை என்பதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்தச் சுவர் பக்கம் சாயாம நில்லுங்க. முடியலேன்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

சுவரில் கடிகாரம் இருந்தது. நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கடையில் பாதியில் விட்டுப் போன அதே முட்டி இன்றைக்கு மடியட்டும் என்று உள்ளுக்குள் வேண்டினேன். நடக்க வேண்டும் என்று ஆறு மாதம் கும்பிட்ட அதே வாயால், விழ வேண்டும் என்று வேண்டினேன். நோயில் நான் பட்ட கேவலங்களில் அதுதான் பெரியது. படுக்கையில் பிறர் எனக்கு மலம் அள்ளியதுகூட அவ்வளவு இல்லை.

கால் விழவில்லை. இருபது நிமிடம் தூண் மாதிரி நின்றது.

"பரவாயில்லையே, நல்லாவே நிக்கிறீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னைக் கேட்டு வரவில்லை. வாடிக்கையாளர் சிரித்தால் தானாக வரும் சிரிப்பு அது.

அது வியாழக்கிழமை. அன்று சாயங்காலம்கூட எனக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது இரண்டு கால்களும் பாயோடு தைத்ததுபோல இருந்தன. கையை மார்புக்குமேல் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. தாஸ்தான் குளியலறைக்குத் தூக்கிப் போனார். சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறு மதியம்தான் நானாக எழுந்து உட்கார்ந்தேன். அன்று என்னைப் பார்க்க எந்த டாக்டரும் இல்லை, கோப்பும் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது எனக்கே ஒரு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முந்தின தீர்ப்பை உறுதிசெய்து தாள் வந்தது. 'தொடர்ந்து நின்று காட்டினார்' என்று அதில் எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இடது பக்கம் அன்றைக்குச் செய்தது, வலது பக்கம் மறுநாள் ஆனது. துணி துவைத்தேன் என்று இடது பக்கம் இருந்தால், படுக்கை என்று வலது பக்கம் இருக்கும். ஒன்றும் செய்யவில்லை என்றால், நன்றாக நடந்தேன் என்று இருக்கும். இரண்டு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், நல்ல நாள் கெட்ட நாள் என்று நான் நினைத்ததெல்லாம் தற்செயல் இல்லை. எனக்கு முதலில் வைத்தியம் பார்த்த அந்த இளம் டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். இந்த நோயில் இப்படிக் களைப்பு மிஞ்சுவது உண்டு என்றார். இவரை ஒரு முழுநாள் உழைப்புக்கு மறுநாள் பரிசோதிக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்களைப் பற்றி யார் எழுதிக் கொடுத்தாலும் படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். பட்டையோ கட்டையோ, எதோடு நடக்கிறீர்களோ அதோடு உள்ளே போங்கள். ஓய்வெடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் ஓய்வை.

நாளைக்குக் காலையில் மூன்றாவது பரிசோதனை. இதுவும் போனால் காப்பீட்டின் பிடி முழுக்க விட்டுப் போகும். கடை என்னைத் திரும்ப எடுக்காது.

அதனால் இன்று நான் படுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சமையல் மேடைக்கு முன்னால் நின்றேன். பீரோவிலிருந்த புடவைகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். நடுவில் இரண்டு மாடி இறங்கித் தண்ணீர் எடுத்து வந்தேன். கடையில் விடுவதுபோலச் சாப்பாட்டுக்கு அரைமணி மட்டும் உட்கார்ந்தேன். நான்கு மணிவரை தாக்குப்பிடித்தேன். கடையில் அது பாதி நாள் சொச்சம்தான்.

மதியம் சவாரி முடிந்து வந்த தாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஏமாத்து வேல இல்லியாம்மே?"

"கடையில நான் ஒரு நாளைக்கு மட்டுமாய்யா நிக்கணும்?"

அவர் உள்ளே வந்து, விரித்துக் கிடந்த புடவையின் ஒரு முனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

இப்போது சாயங்காலம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். வலி இல்லை. கால் லேசாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம்போலக்கூட இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. முன்பெல்லாம் உடம்பு இருக்கும் இடத்தில்தான் நானும் இருந்தேன். இப்போது நான் புதன்கிழமையில் படுத்திருக்கிறேன். என் உடம்பு வியாழக்கிழமையில் போய், அந்த மேசைக்கு முன்னால், எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.